சொல்லாமல் போன ஒரே வீடு

காலையில் எதிர்வீட்டுக்காரர் மெத்தையைத் தூக்கிவந்து காரின் கூரைமேல் போட்டுக் காயவைத்தார். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் இந்தத் தாமான் குடியிருப்பில் வேலிக்கம்பி எல்லாம் போர்வை, மதில் எல்லாம் தலையணை. அவர் மனைவி பிரம்பை எடுத்து மெத்தையை நாலு சாத்து சாத்தினார். தூசி எழும்பியது. கூடவே அந்த வாடையும் வந்தது. வெயிலில் காய்ந்த பஞ்சும் பழைய வியர்வையும் கலந்து, கொஞ்சம் வறுத்த மாவுபோல இருக்குமே, அந்த வாடை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த நான் விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

உனக்கும் இந்த வாடை தெரியும். ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில், நீ குனிந்து மெத்தையின்மேல் உள்ளங்கையை வைத்தாய். அன்றும் இதே வாடை. அன்று நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் உன் எதிரில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்கலாம். எழுதாவிட்டால் எனக்கு மூச்சு அடைத்துவிடும்போல இருக்கிறது.

மேசைமேல் மூன்று நாளாக ஒரு வெள்ளைத்தாள் கிடக்கிறது. நம் ஆய்வுக்கூடத்து அலுவலகத்துப் பெண் கொடுத்த வேலை. உன் நினைவாக ஒரு கூட்டம் வைக்கிறார்களாம், ஓர் அறைக்கு உன் பெயரை வைக்கப்போகிறார்களாம். "ஆன்ட்டி, ஒரே ஒரு பக்கம் போதும் லா," என்றாள். "டாக்டரோட ரிசர்ச் அவுட்புட், சைட்டேஷன் இம்பேக்ட், அத பத்தி எழுதிக் குடுங்க. நீங்கதானே கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்." போனை வைக்கப்போனவள் மறுபடியும் சொன்னாள்: "அந்தச் செம்பனை பேப்பர முதல்ல போடுங்க ஆன்ட்டி. அததான் எல்லாரும் மேற்கோள் காட்டியிருக்காங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்."

நாளைக்கு வெள்ளிக்கிழமை. தாளில் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

உன் ஆராய்ச்சியின் விளைவு என்ன என்று என்னைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறார்கள், பாவிகள்.

நீயும் நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. நீ கிராணியார் மகள். உன் அப்பா ஆபீசில் பேரேடு எழுதினார், உங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மின்விளக்கு எரியும். நான் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவர் மகள், லயத்தில் கடைசி வீடு. ஆறாம் வகுப்போடு பிரிந்தவர்கள். நீ ஒவ்வாமை ஆராய்ச்சி டாக்டராகி ஜோகூருக்குத் திரும்பிவந்து அந்த ஆய்வுக்கூடத்தில் நுழைந்தபோது, நான் அங்கே உருப்பெருக்கியின் முன்னால் உட்கார்ந்து மலத்தில் பூச்சி எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் முன்னால், "பாக்கியம்! நீயாடி?" என்று கத்தினாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "டாக்டர், மெதுவா," என்றேன். "டாக்டரா? அடி வாங்குவ," என்றாய். அன்றிலிருந்து ஆட்கள் இருந்தால் டாக்டர், காரில் ஏறிவிட்டால் வாடி போடி.

தினமும் காலையில் ஆற்றிய தே தாரிக் தேநீர்ப் பொட்டலத்தை மேசையில் வைத்ததும் நீ செய்கிற முதல் காரியம், உன் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணினியில் பார்ப்பது. "யாருடி இன்னிக்கு நம்மள நெனச்சிருக்கா, பாரு," என்பாய். பதவி உயர்வுக்குழு அந்த எண்ணைக் கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். "ஆடு மாட்ட எண்ற மாதிரி எண்றானுங்க," என்பாய். "நீ மட்டும் என்னவாம், தினம் பட்டிக்குப் போய்ப் பாக்கலியா?" என்று நான் சீண்டுவேன். "நான் எண்ணல. ஊரு பேரு தெரியாத யாரோ ஒருத்தன் நான் சொன்னத நம்பி, அதுமேல ஒரு செங்கல்ல வச்சிருக்கான். அவன் யாருன்னு பாக்குறேன்," என்றாய். எனக்கு அது அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. அவர்கள் செங்கல் வைத்தது என் பொய்யின்மேல்.

அந்த ஆய்வு தொடங்கிய நாட்களை நீ எப்படி மறப்பாய்? தோட்டத்து வீடுகளில் ஏன் இத்தனை பேருக்கு இழுப்பு என்று நீ கேட்டாய். மெத்தையில் வாழும் தூசி உண்ணிதான் காரணமாக இருக்கும் என்பது உன் சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று ஈரத்தில் பெருகுவது. வீடு வீடாகப் போய் மெத்தைத் தூசியை உறிஞ்சி எடுத்துவர வேண்டும். அதை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு நான் எண்ண வேண்டும். ஒரே ஒரு விதியை நீ போட்டாய். "முன்கூட்டிச் சொல்லக் கூடாதுடி. ஆஸ்துமா பத்தி ஒரு ஆய்வுன்னு சம்மதம் வாங்கியாச்சு, அது போதும். என்னிக்கு வர்றோம், எதப் பாக்குறோம்னு சொல்லாத. நம்ம ஆளுங்களத் தெரியாதா? விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டையே கழுவிக் கவுத்து வச்சிருவாங்க."

முதல் வீட்டுக்குச் சொல்லாமல்தான் போனோம். லெட்சுமி வீடு. ரெங்கத்திலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் மூன்றாவது வீடு. அவள் அப்போதுதான் பேக்டரி வேலை முடிந்து வந்து, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றாள். நீ சிரித்துக்கொண்டே அறைக்குள் போய் விரிப்பை எடுத்தாய். மெத்தை முழுக்கப் பிள்ளை மூத்திரக் கறை, ஒரு மூலையில் பழைய உள்ளாடை, தலைமாட்டில் தைல டப்பா. உனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. நீ தூசியைத்தான் பார்த்தாய். லெட்சுமி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது உன்னை அல்ல, என்னை. "ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாக்கா? இப்படி வந்து நிக்கிறீங்களே," என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

உனக்கு இது தெரியாது, சொன்னதும் இல்லை. எங்கள் லயத்தில் மூட்டைப்பூச்சி சோதனை என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வருவார். பின்னால் ஆட்களை மேய்க்கும் மண்டோர். என் அம்மாவின் மெத்தையை வாசலுக்கு இழுத்துப்போட்டு, குச்சியால் புரட்டி, "இதுலயா படுக்கிறீங்க?" என்று நாலு பேர் கேட்கச் சிரித்தார். அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. கிராணியார் வீட்டு மெத்தையை யாரும் புரட்டியதில்லை. லெட்சுமி என்னைப் பார்த்தபோது குச்சி என் கையில் இருந்தது.

அன்று சாயங்காலமே நான் விதியை மீறினேன். பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காலைல வர்றோம்மா. மெத்தைய லேசாப் பாப்பாங்க, பயப்படாதீங்க. நான் சொன்னேன்னு டாக்டர்கிட்ட சொல்லிராதீங்க," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை அவர்கள் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வீட்டைக்கூட நான் விடவில்லை. ரெங்கம், காஹாங், யோங் பெங் பக்கம் என்று எல்லா வீட்டுக்கும் முதல் நாளே செய்தி போயிற்று. எத்தனை வீடு என்று எனக்குத் தெரியும், எழுதக் கை வரவில்லை.

எவ்வளவு சந்தோஷமாக நம்மை வரவேற்றார்கள்! தரை ஈரம் காயாமல் இருக்கும். ஊதுபத்தி எரியும். புது விரிப்பு, மடிப்புக் கலையாத தலையணை உறை. முன்னறையில் பால் விடாத தே-ஓவும் முறுக்கும் தயாராக இருக்கும். "நம்ம ஆளுங்க எவ்ளோ சுத்தம்னு பாரேன். இவங்களப் போய் மத்தவனுங்க என்னென்னமோ சொல்றானுங்க," என்று நீ காரில் பூரித்துப்போனாய். நானும் தலையாட்டினேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதுதான் அசிங்கம்.

பிறகு அந்த வீடு வந்தது. நீ விரிப்பை விலக்கி, தூசி உறிஞ்சியை வைப்பதற்கு முன் மெத்தைமேல் உள்ளங்கையை வைத்தாய். வைத்தபடியே நின்றாய்.

"சூடா இருக்குடி," என்றாய்.

"தகரக்கூரை இல்லையா," என்றேன்.

நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். "பாக்கியம், நீ யாருக்கும் சொல்லலியே?"

"சேச்சே. இல்ல டாக்டர்," என்றேன். வீட்டுக்காரி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீ என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாய், அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீ கையை எடுத்துவிட்டு, குறிப்பேட்டில் ஏதோ எழுதினாய். பிறகு வேலையைப் பார்த்தாய்.

எண்ணியபோது என்ன வரும்? ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சம் உண்ணி, அதுவும் பாதி செத்தது. லெட்சுமி வீட்டுத் தூசியில் மட்டும் மொய்த்தது. நீ அந்த ஒரு எண்ணைக் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "இந்த ஒரு வீடு மட்டும் ஏன்டி இப்படி?"

அங்கேயாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "அந்த வீடு கொஞ்சம் சுத்தம் கம்மி," என்றேன்.

கேட்டாயா, நான் சொன்னதை? அந்தப் பெண்ணின் மானத்துக்காகத்தானே போன் போடக் கிளம்பினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் தலையிலேயே அழுக்கைக் கொட்டினேன். அது உன் கட்டுரையில் ஒரு வரியாகவே ஏறிவிட்டது. ஒரே ஒரு வீடு மட்டும் விதிவிலக்கு, பராமரிப்புக் குறைவு காரணமாக இருக்கலாம் என்று. உலகம் பூராவும் படித்தார்கள். லெட்சுமிக்கு இன்றுவரை தெரியாது.

மெத்தையில் உண்ணி இல்லை என்றால் இழுப்பு எங்கிருந்து வருகிறது? நீ தேடினாய். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் பலருக்குச் செம்பனை மகரந்தத்துக்குத் தடித்தது. சுற்றிலும் எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் காடு, வருடம் முழுக்கப் பூக்கிற மரம். கதை அழகாகப் பொருந்திவிட்டது. தோட்டத்து வீடுகளில் குற்றவாளி படுக்கை அல்ல, காற்று என்று எழுதினாய். அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் பெயரையும் ஆசிரியர் வரிசையில் போடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாய். வேண்டாம் என்றேன். "ரொம்பத்தான் அடக்கம்," என்று கடிந்துகொண்டு, கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் போட்டாய். வீடுகளுக்குச் சென்று மக்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தவர் என்று. அந்த வரியை நான் ஒருமுறைதான் படித்தேன்.

பிறகு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இறால் ஒவ்வாமையைப் பற்றி நீ எழுதியது, கரப்பான் பற்றி எழுதியது எல்லாம் நல்ல கட்டுரைகள், உயிரைக் கொடுத்துச் செய்தவை. அவற்றை யாரும் சீண்டவில்லை. இதைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். காலையில் நீ, "யாருடி நெனச்சிருக்கா," என்னும்போதெல்லாம் அந்தக் கட்டுரையின் பெயரே திரையில் வந்து நிற்கும். உன் முகம் மலரும். சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு மேற்கோளுக்கும் சொல்வது ஒரு படி கஷ்டமாகிக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கக்கூட உனக்குத் தெம்பில்லை. கைப்பேசியை என்னிடம் நீட்டி, "பாத்துச் சொல்லு," என்பாய். நான் எண்ணைப் படிப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். ஒருநாள் சொன்னாய்: "கல்யாணம் காட்சி இல்ல, புள்ள குட்டி இல்ல. இதுங்கதான்டி எனக்கு. நான் போனாலும் யாராச்சும் பேரச் சொல்லிட்டு இருப்பாங்க." வாய்வரை வந்ததை விழுங்கினேன். எந்த மனுஷி சொல்லுவாள்? நீயே சொல், அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லியிருந்தால் நீ என்னை அறைந்திருப்பாய், பிறகு எழுந்து உட்கார்ந்து திருத்தம் எழுதச் சொல்லியிருப்பாய். இப்போது அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, திருத்தும் உரிமையையே உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

இத்தோடு போயிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டே செத்திருப்பேன். தாளில் இருக்கிற பொய்தானே, யாரை என்ன செய்யும் என்றுதான் மனத்தைத் தேற்றிவைத்திருந்தேன்.

நான்கு மாதத்துக்கு முன் காஹாங்கில் என் அண்ணனுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உனக்குத் தெரியுமே, பள்ளிக்கூடத்தில் உன் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுப்பானே, அந்த அண்ணன். இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. வீட்டுக்கு வந்துவிட்டான் என்றதும் நான் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனேன். தங்கை அண்ணன் வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டா போவாள்?

அறை இருட்டாக இருந்தது. புழுக்கம் குப்பென்று முகத்தில் அடித்தது. கண்ணாடிப் பட்டை சன்னல் முழுவதையும் மூடி, இடுக்கு விடாமல் செய்தித்தாளை ஒட்டியிருந்தான். சுவரில் பூஞ்சை. நான் போய் டேப்பைப் பிய்த்தேன்.

"தொறக்காத! தொறக்காத! பூத்தூள் உள்ள வந்துரும்," என்று பதறினான். பேச மூச்சு போதவில்லை. கையை நீட்டிச் சுவரைக் காட்டினான். கிளினிக்கில் கொடுத்த துண்டறிக்கை. செம்பனை சூழ்ந்த இடத்தில் வசிப்போர் சன்னல்களைச் சாத்தி வைக்கவும் என்று முதல் வரியிலேயே இருந்தது. மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடியில் பொடி எழுத்தில், ஆதாரம் என்று உன் பெயர்.

"உன் கூட்டாளி எழுதுனதுதானே," என்றான் அண்ணன், இழுத்து இழுத்து. "கிளினிக்ல பெருமையாச் சொன்னேன். இத எழுதுன டாக்டரம்மாவும் எந்தங்கச்சியும் ஒண்ணாப் படிச்சவங்கன்னு. அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

எத்தனை வருடமாகச் சாத்தியிருக்கிறாய் என்று கேட்டேன். சொன்னான். அந்தத் துண்டறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்தே.

அவன் மெத்தைத் தூசியை ஒரு பையில் எடுத்துவந்தேன். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் யாருமில்லாத நேரம் பார்த்து, பழைய முறைப்படியே உப்புக் கரைசலில் மிதக்கவிட்டேன். நீ வாங்கிக் கொடுத்த அந்த எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் அழுத்தத் தொடங்கினேன். அழுத்தினேன், அழுத்தினேன், விரல் வலித்தது. எங்கே பார்த்தாலும் ஊர்ந்தது. லெட்சுமி வீட்டுத் தூசி எப்படி இருந்ததோ அப்படி. ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். காற்றை அடைத்து, ஈரத்தை வளர்த்து, உண்ணிக்குச் சோறு போட்டிருக்கிறோம். என் அண்ணன் அறையில் மட்டுமா? அந்தத் துண்டறிக்கை எத்தனை சுவரில் ஒட்டியிருக்கிறதோ. எத்தனை பேர் உன்னை நம்பிச் சன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்களோ. இதுதான்டி அவர்கள் என்னிடம் கேட்கிற சைட்டேஷன் இம்பேக்ட்.

திரும்பிப் போய், அண்ணன் அறைச் செய்தித்தாளை நானே கிழித்துப் போட்டேன். மெத்தையைத் தூக்கி வெளியே எறிந்தேன். அண்ணி என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒருவனுக்கு இப்படிக் கிழிக்கலாம். மற்றவர்களுக்கு?

நீ போன பிறகு உன் தம்பி எனக்குக் கொடுத்த உன் பெட்டிகளை அதுவரை நான் திறந்ததில்லை. பழைய எண்ணிக்கையைத் தேடி அப்போதுதான் திறந்தேன். உன் குறிப்பேடு இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போய், மற்றவர் படிக்கக் கூடாததை மட்டும் தமிழில் எழுதுவாயே. அந்த வீட்டுப் பக்கத்தில், ஓரத்தில், நீல மையில் இருக்கிறது: மெத்தை சூடு. வெயிலில் போட்டிருப்பார்களோ? பாக்கியத்தைக் கேட்டேன். யாருக்கும் சொல்லவில்லை என்றாள். அவள் சொன்னால் சரி.

அவள் சொன்னால் சரி. நீ தூசியை அளந்தாய், சூட்டைத் தொட்டுப் பார்த்தாய், சந்தேகப்பட்டாய். விஞ்ஞானி செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாய். ஒன்றை மட்டும் சோதிக்காமல் விட்டாய், அது நான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு கூண்டு வைத்திருக்கிறார்களே, போன வாரம் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. நாங்கள் தேங்காய் உடைக்கலாம், மொட்டை போடலாம். சாமியார் கேட்டு மன்னித்தாலும் அந்தத் துண்டறிக்கை சுவரிலிருந்து இறங்குமா? வெளியே வந்து உன் கல்லறைக்குப் போனேன். அங்கேயும் வாய் வரவில்லை. பக்கத்துக் கல்லறையில் ஒரு குடும்பம் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தது, ஆட்களுக்கு முன்னால் உன்னை டாக்டர் என்றுதானே கூப்பிட வேண்டும்.

பயமாக இருக்கிறது. நான் சொன்னால் அந்தக் கட்டுரை விழும். அது விழுந்தால் இறாலும் கரப்பானும்கூடச் சந்தேகத்துக்குள்ளாகும். ஒரு பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல்லும் ஆடும். அறைக்குப் பெயர் வைப்பவர்கள் பின்வாங்குவார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சந்தோஷப்பட்ட எண், உன் பிள்ளை குட்டி என்று சொன்ன எண், அதை உன் சாவுக்குப் பிறகு நானே கழுத்தை நெரிக்க வேண்டும். சொல்லாவிட்டால், சாத்திய அறைகளில் மூச்சு முட்டுகிறவர்கள் கழுத்தை நெரிக்கிறேன். எந்தக் கொள்ளியால் தலையைச் சொறிவது? வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டி. உனக்குத்தான் எல்லாவற்றுக்கும் பதில் இருக்குமே.

எதிர்வீட்டு மெத்தையை இப்போது மறுபுறம் திருப்பிப் போடுகிறார்கள். தட்டும் சத்தம் கேட்கிறது. நான் போய்ச் சாத்திய கதவைத் திறந்துவிட்டு வந்தேன். வாடை உள்ளே வரட்டும்.

இரண்டு தாள் எழுதியிருக்கிறேன். ஒன்று அலுவலகத்துக்கு. மெத்தை சூடாக இருப்பதைக் கவனித்து, கேள்வி கேட்ட விஞ்ஞானி நீ என்று எழுதியிருக்கிறேன். உன் குறிப்பேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துக்கூட வைத்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் கிடைத்தது என்றும், சொன்னவள் பெயர் பாக்கியம் என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பெண் இதைப் படித்துவிட்டு அலமாக் என்று நெஞ்சில் கை வைப்பாள். அறைக்கு உன் பெயரை வைப்பதும் வைக்காததும் அவர்கள் பாடு.

மற்றது அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு. உடைந்த ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஒன்றைத் தவிர எல்லா வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லப்பட்டது, சொன்னது நான், ஆய்வாளருக்கு இது தெரியாது. விதிவிலக்கு என்று ஒதுக்கப்பட்ட வீடு அழுக்கான வீடு அல்ல, நாங்கள் சொல்லாமல் போன ஒரே வீடு அது, அங்கே எண்ணியது மட்டும்தான் உண்மை. தோட்டத்துக் கிளினிக்குகளுக்கும் இதன் நகல் போகிறது. அதற்குப் பிறகு ரெங்கத்துக்குப் போக வேண்டும். லெட்சுமி என்னைக் கண்டால் துடைப்பத்தைத் தூக்குவாளோ என்னவோ, தூக்கட்டும். இந்த முறையும் அவளிடம் சொல்லாமல்தான் போகப்போகிறேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, காட்டுவதற்கு என்னிடம்தான் இருக்கிறது.

உன் குறிப்பேட்டை என் கைப்பையில் வைத்திருக்கிறேன். அவள் சொன்னால் சரி என்ற பக்கத்தை மடித்துவிட்டேன். இவ்வளவு நாள் பாரமாகச் சுமந்த வரி. இனி ஒருமுறையாவது அதை நிஜமாக்கப் பார்க்கிறேன்.

ஆய்விதழ்க் கடிதத்தின் அடியில் ஆதாரம் குறிப்பிட வேண்டுமாம். உன் கட்டுரையைக் குறிப்பிட்டிருக்கிறேன். என் பெயரில் அச்சாகப் போகிற முதல் எழுத்து இது, அதில் நான் மேற்கோள் காட்டுவது உன்னைத்தான். அது வெளிவருகிற அன்று உன் பெயருக்கு எதிரில் இருக்கும் எண்ணில் ஒன்று கூடும். யாருடி இன்னிக்கு நம்மள நெனச்சிருக்கா என்று கேட்பாயே. இந்தத் தடவை நான்தான்டி.